காலமானவளின் துடிப்பு

என் மகள் வஞ்சிக்கொடிக்கு நான் கருமாதி செய்தது ஒரு வைகாசி மாதத்தில். அன்று அவள் பெங்களூரில் உயிரோடு இருந்தாள். காலையில் வேலைக்குக்கூடப் போயிருந்தாள்.

இதில் மறைக்க ஒன்றுமில்லை. குடும்பத்தை மீறிப்போன பெண்ணுக்குத் தலைமுழுகுவது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. நான் அதை அரைகுறையாகச் செய்யவில்லை, அவ்வளவுதான். வாய்க்காலில் இறங்கி முழுகினேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்து, கோபியிலிருந்து அந்தியூர் வரைக்கும் ஒட்டச் சொன்னேன். அவளுடைய கல்லூரிப் படம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். மறைவு என்று போட்ட தேதி அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாள். அவள் மணந்தவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அந்த ஆண்டு ஆவணியில் குருத்தணுக் காப்பகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வஞ்சி பிறந்த காலத்தில் பிரசவமான எல்லாக் குழந்தைகளுக்கும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துக் குளிரில் பாதுகாத்து வைத்தார்கள். பின்னாளில் பெரிய வியாதி வந்தால் அந்தக் குழந்தைக்கே உதவும் என்றார்கள். காப்பக அட்டை குடும்பத் தலைவர் பேரில் இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, உறுப்பினர் உயிருடன் இருக்கிறாரா, காலமானாரா என்று நாங்கள் நிரப்பித் தரவேண்டும்.

படிவத்தை வாங்கிக்கொள்ளும் அலுவலகத்தின் வெளிச்சுவரில்தான் என் சுவரொட்டி ஒட்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தர் எங்கள் ஒறம்பரை, தூரத்துச் சொந்தம். சுவரில் காலமானவள் படிவத்தில் உயிரோடு இருக்க முடியாது. 'காலமானார்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். சான்று கேட்டார்கள். சுவரொட்டி ஒன்றை நான்காக மடித்து இணைத்தேன். அந்தக் காலத்தில் அதுவே போதுமாக இருந்தது. கடைசியில் இன்னொரு கட்டம். 'காலமானவரின் மாதிரியைப் பொது மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஒப்படைக்கிறேன்.' வீட்டில் அவள் துணி ஒன்றுகூட இல்லாதபோது எங்கோ குளிரில் அவள் ரத்தம் எதற்கு என்று நினைத்து, அதிலும் குறியிட்டேன். கீழே சென்னியப்பன் என்று முழுப் பெயரில் கையெழுத்திட்டேன்.

இது நடந்து பதினேழு வருடம். அதற்குப் பிறகு எங்கள் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து குடும்பங்கள் என்னைப் பார்த்து அதேபோலச் செய்தார்கள். காளிங்கராயன்பாளையத்துக் கொளந்தசாமி என் சுவரொட்டியின் வாசகத்தைக்கூட மாற்றாமல் அச்சடித்தான். குலதெய்வம் கோயிலில் முதல் மரியாதைக்கு என் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். என்னை நிமிர்ந்து பார்த்து எவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இந்தத் தை மாதம் எனக்கு மாரடைப்பு வந்தது.

கோயம்புத்தூரில் என்னைப் பார்த்தவர் டாக்டர் ஃபர்சானா. நாற்பது வயதிருக்கும். படம் எடுத்துக் காட்டி, இதயத்தின் ஒரு பக்கத்தில் வெளுத்துக் கிடந்த இடத்தைத் தொட்டார்.

"இந்த எடம் செத்துப்போச்சுங்கய்யா. தோலு மாதிரி இல்ல, இதயத் தசை மறுபடியும் வளராது. தழும்பாவே நின்னுடும்."

"அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"புதுத் தசை வளத்து, ஒட்டுப் போடுவோம். ரெண்டு தவணையா. இப்ப ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு ஒண்ணு."

"வளராதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சிரித்தார். "இதயத்துல வளராது. குருத்தணுவுல இருந்து வளரும். கரு உண்டான முத நாலஞ்சு நாளு, உள்ள இருக்கற செல்லு எதுவா வேணும்னாலும் ஆகலாம். எலும்பு, மூளை, நகம், எதுவா வேணும்னாலும். அப்பறம் ஒவ்வொண்ணும் ஒரு வேலையப் புடிச்சுக்கும். புடிச்சுட்டா மத்த வேலைக்கான குறிப்பையெல்லாம் மூடி வெச்சுக்கும். அழிக்காது. மூடித்தான் வெச்சிருக்கும்."

"இன்ன வேலைன்னு யாரு சொல்றது?"

"அக்கம்பக்கத்துச் செல்லுகதான். அதுக அனுப்பற தகவல வெச்சுத்தான், இங்க இருந்தா நீ ரத்தம், அங்க இருந்தா நீ நரம்புன்னு முடிவாகுது."

"நம்ம ஊரு மாதிரித்தான்" என்றேன்.

"அதேதானுங்க. நாங்க என்ன பண்றோம்னா, ஒருத்தரோட ரத்தச் செல்லை எடுத்து, மூடினதையெல்லாம் தொறந்து, பழையபடி ஒண்ணும் தெரியாத கொழந்தையாக்கிடுவோம். அப்பறம் இதயமாகுன்னு சொல்லி வளப்போம். உங்க செல்லுலயே பண்ணலாம், ஆனா வயசாயிருச்சு, சக்கரை வேற. பொதுக் காப்பகத்துல உங்களுக்கு ஒண்ணு பொருந்தியிருக்கு. கொ-41னு பேரு. பாதிக்கு மேல பொருந்துது. அன்னியருக்கு இப்படிப் பொருந்தறது ரொம்ப அபூர்வம்."

"யாரோடது?"

"பேரெல்லாம் தர மாட்டாங்க. பொண்ணு, இருபத்திரண்டு வயசு, காலமானவங்கன்னு மட்டும் இருக்குது."

திரையில் அந்தச் செல்களைக் காட்டினார். வட்டத் தட்டில் பால் ஆடை போல ஒரு மெல்லிய விரிப்பு. அது துடித்துக்கொண்டிருந்தது. உடம்பு இல்லை, நெஞ்சுக்கூடு இல்லை, யாருமில்லை. அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"இத நிறுத்த முடியாதா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எதுக்குங்க நிறுத்தோணும்?" என்றார் டாக்டர்.

முதல் ஒட்டு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது வாரத்தில் அது ஆரம்பித்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். என் துடிப்புக்கு நடுவே இன்னொரு துடிப்பு கேட்டது. சிறியது, வேகமானது. வாசற்கதவை வெளியிலிருந்து விரல் நுனியால் தட்டுவதைப்போல. நான் மூச்சை அடக்கினேன். என் துடிப்பு மெதுவானது, அது மெதுவாகவில்லை.

டாக்டரிடம் போனேன். இதயத் துடிப்பை வரைந்து எடுத்த தாளில் என் துடிப்புகளுக்கு இடையே கோணலாகச் சின்னச்சின்ன மேடுகள் இருந்தன.

"பயப்படாதீங்கய்யா. புதுசா உள்ள போனவங்க இன்னும் உங்க தாளத்தைப் புடிக்கல. அவங்க பாட்டுக்கு அடிச்சுட்டிருக்காங்க. எல்லாருக்கும் வர்றதுதான். மாத்திரை தர்றேன். கொஞ்ச நாள்ல உங்களோட சேந்துக்குவாங்க."

சேரும் வரை அது என்னோடு இருந்தது. சில மதியங்களில் முந்திக்கொண்டு ஓடும். என் மனைவி பொன்னரசி பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசும்போது மட்டும் அது அதிகமாக ஓடுகிறது என்பதை மூன்று முறை கவனித்தேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பேச்சை மற்றவர்கள் பேசினால் நான் எழுந்து போய்விடுகிறவன்.

நான்காவது முறை பின்கட்டுக் கதவைத் திறந்தேன். பொன்னரசி தொலைபேசியை மறைக்கவில்லை.

"யாருகிட்டப் பேசற?"

"என்ற மககிட்ட."

"நமக்கு ஏது மக?"

"உங்களுக்கு இல்லீங்க. எனக்கு இருக்கறா. பதினேழு வருசமாப் பேசிட்டுத்தான் இருக்கறன். நீங்க கோயிலுக்குப் போயி மாலை வாங்கிட்டு வர்ற நேரமெல்லாம் நான் அவகிட்டப் பேசற நேரந்தான்."

 அவள் குரலை உயர்த்தவில்லை.

"வஞ்சிக்கு ரத்தம் ஊற மாட்டீங்குதாமா. எலும்புக்குள்ள இருக்கற குருத்தணு வத்திப்போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் ஏத்தறாங்க. பொறந்தப்ப எடுத்து வெச்ச தொப்புள்கொடி ரத்தத்தை அவளுக்கே ஏத்துனா பொழைச்சுக்குவாளாம். காப்பகத்துக்குப் போயிக் கேட்டிருக்கறா. அங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? 'அம்மா, இந்தப் பொண்ணு செத்துப் பதினேழு வருசமாச்சு, நீங்க யாரு?'ன்னு கேட்டிருக்காங்க. மடிச்சு வெச்ச சுவரொட்டிய எடுத்துக் காட்டுனாங்களாமா. அவ அன்னைக்குத்தான் அதை மொத தடவை முழுசாப் பாத்திருக்கறா."

"அவ அதுக்கு மேல என்ன சொன்னா?"

"போட்டோ நல்லாருக்குதுன்னு சொன்னா."

பொன்னரசி அலமாரியிலிருந்து என் மருத்துவமனை அட்டையை எடுத்து வந்தாள்.

"அவ ரத்தம் ரெண்டு குப்பியில இருந்துதாமா. ஒண்ண எடுத்து என்னென்னமோ வளத்துட்டாங்களாம். அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்கன்னு சொன்னா. இங்க பாருங்க, உங்க அட்டையில என்ன எழுதியிருக்குதுன்னு நீங்களே படிங்க."

நான் படிக்கவில்லை. எனக்கு அது தெரியும். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் ஃபர்சானாவிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் கணினியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாதிக்கு மேல பொருந்துதுன்னு சொன்னனே, அப்பவே எனக்கு ஒரு சந்தேகமுங்க. அப்பனுக்கும் மகளுக்கும்தான் அப்படிப் பொருந்தும். பதிவுல காலமானவங்கன்னு இருந்துது, அதான் உங்க மனசைக் கெளற வேண்டாம்னு விட்டுட்டேன்."

"மிச்சக் குப்பியை அவளுக்குக் குடுத்துட வேண்டியதுதானே? அவ ரத்தந்தானான்னு சோதனை பண்ணிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"தெரியும். உடம்பு அவங்களுதுன்னு தெரியும். உரிமை உங்க கையெழுத்துல போயிடுச்சுங்களே. இப்ப அது பொதுச் சொத்து. அந்தக் கையெழுத்து பொய்யின்னு ஒண்ணு கோர்ட்டு சொல்லோணும், இல்ல போட்டவரே விசாரணைக் குழு முன்னாடி வந்து சொல்லோணும். கோர்ட்டுக்குப் போனா ஒண்ணரை வருசம். அவங்களுக்கு..." விரல்களைப் பார்த்தார். "ரெண்டு மாசம், மூணு மாசம்."

நான் எழுந்தேன்.

"இருங்கய்யா, இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க பொய்யின்னு சொன்ன நிமிசத்துல கொ-41ஐ முடக்கிடுவாங்க. சம்மதமில்லாம எடுத்ததுன்னு ஆயிடும். அதுக்காகக் காத்திருக்கறவங்க அறுபத்திரண்டு பேரு. நீங்களும் அதுல ஒருத்தர். உங்களுக்கு ரெண்டாவது ஒட்டு பாக்கி இருக்குது. அது இல்லாட்டி மொத ஒட்டு ரொம்ப நாளைக்குத் தாங்காது. உங்க மக மனசு வெச்சு மறுபடியும் கையெழுத்துப் போட்டாத்தான் தொறக்கும்."

சாவுக்குப் பயந்தவன் நான் அல்ல. எழுபத்திரண்டு வயதில் அது ஒரு விஷயமில்லை. நான்கு பேர் முன்னால் நின்று, சென்னியப்பன் எழுதிக்கொடுத்தது பொய் என்று சென்னியப்பன் வாயாலேயே சொல்வதுதான் விஷயம். பதினேழு வருடம் அந்த வாயில் இருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அன்றைக்குப் பொய்யாகிவிடும். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். பொன்னரசி வேளைக்குச் சாப்பாடு வைத்தாள். வஞ்சி கொடுத்த மனுவுக்குக் குறித்திருந்த விசாரணைத் தேதியை ஒரு தாளில் எழுதி, மாத்திரை டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தாள்.

ஒன்பது நாள் அப்படியே போனது.

பத்தாம் நாள் மதியம் படுத்திருந்தபோது வீடு என்றுமில்லாமல் அமைதியாக இருந்தது. என்னவென்று முதலில் புரியவில்லை. நெஞ்சில் கையை வைத்தேன். ஒரே துடிப்பு. மூச்சை அடக்கினேன், இடது பக்கம் திரும்பிப் படுத்தேன், எழுந்து கூடத்தில் இருமுறை வேகமாக நடந்தேன். ஒரே துடிப்புதான். டாக்டர் சொன்னபடி சேர்ந்துகொண்டது. என் தாளத்தைக் கற்றுக்கொண்டு, என் இதயமாகவே ஆகி, மற்றதையெல்லாம் மூடிக்கொண்டுவிட்டது. இனி அதைத் தனியாகக் கேட்க முடியாது.

பின்கட்டில் பொன்னரசி பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே போய் நின்றேன். அவள் பேசி முடிக்கும் வரை, நெஞ்சில் கையை வைத்தபடி காத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

"என்னங்க?" என்றாள்.

"அந்த விசாரணை எத்தனை மணிக்கு?"

வெள்ளை வேட்டி சட்டை உடுத்து, மேல்துண்டு போட்டுக்கொண்டு போனேன். நிமிர்ந்தபடிதான் படியேறினேன். காப்பகத்தின் விசாரணை அறை முதல் மாடியில். அதற்கு வெளியே நீண்ட நடை. நடையின் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருந்தார்கள்.

பெஞ்சுகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என் வயதுக்காரர்கள், சிலர் இன்னும் மூத்தவர்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. ஒவ்வொருவர் கையிலும் பழைய தாள் ஒன்று நான்காக மடித்தபடி இருந்தது. எண்ணாமல் இருக்க முயன்றேன். பதினான்கு பேர். வேறு ஏதோ வழக்கு என்று நினைத்தேன். எழுத்தர் வந்தபோது கேட்டேன்.

"எல்லாம் உங்க கேசு மாதிரித்தானுங்கய்யா. உங்க பொண்ணு மனு குடுத்தாங்கல்ல? அதுக்கப்பறம், சான்றிதழ் இல்லாம வெறும் சுவரொட்டி வெச்சுப் பதிஞ்ச சாவையெல்லாம் எடுத்துப் பாத்தாங்க. பாதிப் பேரு உயிரோட இருக்காங்க. இந்த மாசம் இது மூணாவது நாளு. தெனமும் இந்த நடை ரொம்பிடுது."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க நல்லா வளர்ற செல்லு வகை பூராம் சின்ன வயசுப் பொண்ணுகளுதுதானுங்க. இத்தனை பொண்ணுக எப்படிச் செத்தாங்கன்னு நாங்களும் யோசிக்கவே இல்லை."

பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். கொளந்தசாமி. இளைத்திருந்தான்.

"அண்ணா, நீங்களும் வந்துட்டீங்களா? இப்பத்தான் எனக்கு உசுரு வந்துது" என்றான். பிறகு என் காதருகே, "உள்ள போயி என்ன சொல்லலாம்னு இருக்கறீங்க? தெரியாம நடந்துபோச்சுன்னு சொன்னா விட்டுடறாங்களாமா. இல்ல, எனக்கு அப்படி மகளே இல்லைன்னு ஒரே பேச்சாச் சொல்லிட்டாலும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதாமா. நீங்க சொல்றதுதான் நானும். அன்னைக்கும் நீங்க செஞ்சாப்லதானே செஞ்சேன்."

அவன் மகளுக்கு என்ன வியாதி, அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அவள் பெயர்கூட எனக்கு நினைவில்லை. சுவரொட்டியில் படித்திருக்கிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தப் போன எழுத்தரிடம், திறந்தே இருக்கட்டும் என்றேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு அம்மா. ஜன்னல் ஓரமாக, முகக்கவசம் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். கைகள் மெழுகு நிறத்தில் இருந்தன. ஏதோ இன்னொரு வழக்குக்காரி என்று நினைத்தேன். பொன்னரசி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

நீதிபதி என் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "இது நீங்க போட்ட கையெழுத்துதானுங்களா?"

"ஆமாம்."

"இதுல உங்க மக காலமானதாப் பதிஞ்சிருக்கீங்க. அந்தத் தேதியில அவங்க உயிரோட இருந்தாங்களா?"

"இருந்தா. இப்பவும் இருக்கறா. இந்த ரூம்புலதான் இருக்கறா."

"அப்ப இதுல எழுதியிருக்கறது?"

"பொய்."

நடையில் எவரோ தொண்டையைச் செருமினார்கள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார்.

"ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. அந்தச் சமயத்துல மனசு சரியில்லாம, கவனக்குறைவுல நடந்ததுன்னு எழுதிக்கலாம். தெரிஞ்சே செஞ்சதுன்னா உங்க மேல வழக்கு வரும். வயசானவரு. தவறுதலா நடந்ததுதானுங்களே?"

எழுபத்திரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான் எதையும் தவறுதலா எழுதறவன் இல்லீங்க. ஒவ்வொரு கட்டத்தையும் படிச்சுப் பாத்து, தெரிஞ்சேதான் எழுதினேன். அவ உயிரோட இருக்கறது எனக்குக் கௌரவக் குறைச்சலா இருந்துது. அதனால எழுதினேன். அப்படியே எழுதிக்கோங்க."

அப்படியே எழுதினார்கள். நான் கையெழுத்திட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. அதன் பிறகு கொ-41 முடக்கப்பட்டதாக எழுத்தர் வாசித்தார். மீதிக் குப்பி வஞ்சிக்கொடிக்கே உரியது என்று இன்னொரு தாள் வந்தது. அவள் எழுந்து வந்து மேசைமேல் குனிந்து அதில் கையெழுத்திட்டாள். நான் நின்ற இடத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு நாற்காலிதான். அவளுக்கு மூச்சு வாங்கியது.

எழுத்தர் இன்னொரு தாளை அவள் முன்னால் வைத்தார்.

"அம்மா, இது உங்க விருப்பந்தான், கட்டாயமில்லை. உங்க செல்லுல வளத்த தசைக்காக அறுபத்திரண்டு பேரு காத்திருக்காங்க. நீங்க சம்மதிச்சா அவங்களுக்குக் குடுப்போம். யாருக்காச்சும் வேண்டாம்னு தோணுச்சுன்னா அந்தப் பேரை அடிச்சுடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை." கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமல், "உங்க அப்பா பேரும் இதுல இருக்குது. பாத்துட்டுப் போடுங்க" என்றார்.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பெயரை அடித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். அடிக்காமல் விட்டிருந்தாலும் அதை ஏற்றுக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன்.

வஞ்சி பட்டியலைப் புரட்டவில்லை. பெயர்கள் இருந்த பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"பேருக வேண்டாங்க" என்றாள். குரல் மாறவில்லை, இருபத்திரண்டு வயதுக் குரல்தான். "யாரா இருந்தா என்ன? எங்க போடோணும்னு மட்டும் காட்டுங்க."

காட்டினார்கள். போட்டாள். பொன்னரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடத்திக் கூட்டிப்போனாள். இருவரும் என்னைக் கடந்துதான் போனார்கள். நடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். கொளந்தசாமி எழுந்தே நின்றுவிட்டான். அவள் போன பக்கம் பார்க்கிறானா, என்னைப் பார்க்கிறானா என்று தெரியவில்லை.

அடுத்த பெயராக அவனைக் கூப்பிட்டார்கள். அவன் உள்ளே வரும்போது நான் எழுத்தரிடம், அந்தப் பட்டியலில் என் பெயர் எத்தனையாவது என்று கேட்டேன்.

விரலை ஓட்டிப் பார்த்தார். "பத்தொம்பதாவதுங்கய்யா. பதினெட்டுப் பேருக்கு அப்பறந்தான் வரும். ஏனுங்க, அவசரங்களா?"

"இல்லை" என்றேன்.